நான்கு நாள்

ஒரு புத்தகத்துக்கு நான்கு நாள்.
படித்து, முப்பது வரி எழுதிக் கொடுத்தால்
தண்டனையில் நான்கு நாள் கழியும்.
வருஷத்துக்குப் பன்னிரண்டு புத்தகம்,
அதற்கு மேல் பேரம் இல்லை.

பரனா மாநிலத்துச் சிறையில் ஜூலைக் குளிர்.
தள்ளுவண்டியில் வந்ததையெல்லாம்
கையில் தூக்கி எடை பார்த்தேன்.
எது மெலிந்ததோ அது என்னுடையது.

அப்படித்தான் கிடைத்தது அந்த நாவல்.
அட்டை கிழிந்திருந்தது, அதனால் பெயரில்லை.
ஆற்றோரம் ஒருத்தி. அவளை விட்டுப் போன ஒருத்தன்.
பிறகு வெள்ளம்.

மேல்படுக்கை ஒசேயாசுக்கு எழுத்து தெரியாது.
"சத்தமா வாசியேன்" என்றான்.
"கேக்கிறவனுக்கு ஒரு நாளும் குறையாது, தெரியுமில்ல?"
"குறைய வேண்டாம். பத்து மணிக்கு விளக்கு அணையுற வரைக்கும்
வேற என்ன இருக்கு எனக்கு?"

வாசித்தேன்.
முதல் நாள் மற்ற ஆறு பேரும் திட்டினார்கள்.
மூன்றாம் நாள்
டோமினோக் காய்களை ஓசைப்படாமல் வைத்தார்கள்.

முப்பத்தோராம் பக்கத்தில் அவள்
நாயைக் கொய்யா மரத்தில் கட்டிவிட்டு
சந்தைக்குப் போகிறாள்,
சாயங்காலம் வந்துவிடுவதாக.
நாற்பதில் மழை பிடிக்கிறது.
நாற்பத்தாறில் ஆறு வாசல்படி ஏறுகிறது.
பாலம் உடைகிறது, அவளை ஒரு படகு ஏற்றிக்கொள்கிறது,
அப்புறம் நகரம், தையல் மெஷின், நல்ல மனசுக்காரன் ஒருவன்.
கடைசிப் பக்கத்தில் கல்யாணம்.

மூடினேன்.
"நாய்?" என்றான் ஒசேயாஸ்.
"எந்த நாய்?"
"கொய்யா மரத்து நாய்."

திரும்பப் புரட்டினேன். எங்கும் இல்லை.
எழுதியவர் மறந்துபோயிருந்தார்.
"கதைதானே, விடு."
விளக்கு அணைந்தது.
மேலே அவன் புரண்டுகொண்டே இருந்தான்.
வெகுநேரம் கழித்து இருட்டிலிருந்து:
"கயிறு நீளமா, குட்டையா,
அதையாவது போட்டிருக்கா?"

போடவில்லை.
ஆனால் எனக்குத் தெரியும்.

காப்பி மூட்டை லாரி. யூகலிப்டஸ் தோப்பு.
ஓட்டுநரை மரத்தோடு கட்டியது என் கைதான்.
யாராவது வருவார்கள் என்று நினைத்தேன்,
நினைத்தேனா என்பதும் இப்போது நிச்சயமில்லை.
பதினோரு மணி நேரம் என்று
நீதிமன்றத்தில் வாசித்தபோது
என் வக்கீலின் டையில் இருந்த குழம்புக் கறையைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.
அவர் பெயரையும் வாசித்தார்கள். அடேமார்.
அன்று காதில் ஏறாத பெயர்
ஆறு வருஷம் கழித்து, அந்த ராத்திரி ஏறியது.

குட்டைக் கயிறு.
உட்கார முடியாது.

முப்பது வரியில் என்ன வேண்டும் என்று
தாளிலேயே அச்சடித்திருக்கும்:
கதைச் சுருக்கம், முக்கியப் பாத்திரங்கள், கற்றுக்கொண்டது.
நான் நாயை எழுதினேன்.
தண்ணீர் முதலில் நகத்தைத் தொட்டது,
அது வாலை ஆட்டியது, யாரோ வருவதாக எண்ணி,
பிறகு கயிற்றின் மணம் மாறியது.
முப்பது வரி போதாமல் ஓரங்களில் எழுதினேன்.
பாதியில் நாய் என்ற சொல் வரவில்லை,
'அவர்' என்று எழுதிவிட்டேன்.
அடிக்கவில்லை.

இரண்டு வாரத்தில் திரும்பி வந்தது.
சிவப்பு மையில் ஒரே வரி:
"நூலில் இல்லாதது. ஏற்க இயலாது."

நான்கு நாள் போயிற்று.
முன்பென்றால் சுவரை உதைத்திருப்பேன்.
தாளை நாலாக மடித்துத்
தலைக்கடியில் வைத்துக்கொண்டேன்.
தூக்கம் வந்தது என்று சொல்ல ஆசைதான். வரவில்லை.

அடுத்த மாதம் வண்டி வந்தது.
எடை பார்க்க மறந்து
தடியாக ஒன்றை எடுத்துவிட்டேன்.
ஒசேயாஸ் மேலிருந்து தலையைத் தொங்கவிட்டுக் கேட்டான்:
"இதிலே யாரையாவது கட்டிப்போடுறாங்களா?"
"வாசிச்சாத்தான் தெரியும்."
"கட்டினா அங்கேயே நிறுத்து.
அவிழ்த்து விட்டுட்டு
மேலே போவோம்."